பள்ளியில் மேற்கத்திய வயலின், வாரக் கடைசியில் கர்நாடக வயலின்: இரண்டும் சேருமா?

நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்விபோலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. சிங்கப்பூரில் தொடக்கநிலை 3 படிக்கும் மகள், பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாகத் தந்தி வாத்தியக் குழுவில் சேர்ந்து வயலின் கற்கிறாள். பாட்டி, வாரக் கடைசியில் கர்நாடக வயலின் வகுப்பிலும் சேர்த்துவிடச் சொல்கிறார். ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிடுமா என்பது முதல் கேள்வி. உங்கள் மாமா சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இரண்டாவது: "வயலினே வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. அதை வாசிப்பதில் என்ன கர்நாடகம்? மேற்கத்தியக் கலாசாரம் நம்மிடம் எதைத்தான் விட்டுவைத்தது?" முதலாவதுக்கு நடைமுறைப் பதில் உண்டு, விவரமாகவே சொல்கிறேன். ஆனால் இரண்டாவதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் வகுப்பில் சேர்த்தால் வீட்டில் வாக்குவாதம் ஓயாது. என் கருத்து இதுதான்: மாமா வாத்தியத்தின் பிறப்பிடத்தைச் சரியாகச் சொல்கிறார், ஆனால் தவறான இடத்தைச் சுட்டிக்காட்டுகிறார். மேற்கு நம் சங்கீதத்துக்குள் ஆழமாக இறங்கியது உண்மை. இறங்கிய இடம் வயலின் அல்ல.

வரலாற்றில் உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் பார்ப்போம். இன்று நாம் காணும் வயலினின் வடிவம் 16-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், கிரெமோனா போன்ற ஊர்களில் நிலைபெற்றது. தென்னிந்தியாவுக்கு அது ஐரோப்பியர்களோடு வந்தது. சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையின் பேண்டு வாத்தியக் குழு, தஞ்சாவூரில் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் அரசவை, இந்த இரண்டு இடங்களிலும் நம் வித்வான்கள் மேற்கத்திய வாத்தியங்களை அருகிலிருந்து கேட்டார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1858), மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதில் நம் ராகங்களை வாசித்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதைத் திருவிதாங்கூர் அரசவைக்குக் கொண்டுபோனார். சுவாதித் திருநாள் மகாராஜா 1834-இல் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் செய்தது இன்னும் சுவையானது. பேண்டுக் குழு வாசித்த மெட்டுகளை எடுத்துக்கொண்டு அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் போட்டார். நோட்டுஸ்வரம் என்று நாம் சொல்வது அவற்றைத்தான், ஏறத்தாழ நாற்பது உருப்படிகள். "சந்ததம் பாஹிமாம்" பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டு. "ச்யாமளே மீனாக்ஷி", உங்கள் மகள் "ட்விங்கிள் ட்விங்கிள்" என்று அறிந்திருக்கும் பழைய பிரெஞ்சு மெட்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பயிற்சியைப் பற்றிச் சொல்லும்போது உதவும்.

உறுதியில்லாதவையும் உண்டு. பாலுஸ்வாமி, வடிவேலு, தஞ்சை அரசவையின் வராகப்பையர் ஆகிய மூவரில் முதலில் வயலினைக் கையில் எடுத்தவர் யார் என்று அடித்துச் சொல்லப் போதுமான சமகால ஆவணங்கள் இல்லை. ராவணஹத்தாதான் வயலினின் மூதாதை, ஆகவே நம் பொருள்தான் கடல் சுற்றித் திரும்பி வந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி அதைவிடப் பலவீனமானது. ராவணஹத்தா வில்லால் வாசிக்கும் கருவி, ராஜஸ்தானில் இன்றும் புழங்குகிறது, அவ்வளவும் உண்மை. ஆனால் வில் போட்டு வாசிக்கும் வழக்கம் ஏறத்தாழ 10-ஆம் நூற்றாண்டு வாக்கில் மத்திய ஆசியப் பகுதியிலிருந்து பரவியது என்பதும், அரபு ரபாபும் பைசாந்திய லைராவும் வழியாக ஐரோப்பாவை அடைந்தது என்பதும்தான் ஆய்வாளர் பலர் ஏற்கும் கருத்து. ஆக, வயலின் முழுக்க வெள்ளைக்காரனுடையது என்பதும் அரை உண்மைதான். மாமாவுக்குப் பதில் சொல்ல ராவணனைத் துணைக்கு அழைக்க வேண்டிய அவசியமில்லை.

நம்மவர்கள் அந்த வாத்தியத்தின் மரத்தில் கை வைக்கவில்லை. பிடிக்கும் முறை, சுருதி சேர்க்கும் முறை, விரல் போடும் முறை மூன்றையும் மாற்றினார்கள். மேற்கத்திய முறையில் நின்றுகொண்டோ நாற்காலியில் உட்கார்ந்தோ, தாடைக்கும் தோளுக்கும் இடையே வயலினைப் பிடிக்க வேண்டும். நம் முறையில் தரையில் சம்மணமிட்டு, வலது பாதத்தைச் சற்று முன்னே நீட்டி, வயலினின் சுருள் தலையை வலது கணுக்கால்மேல் வைத்து, மறுமுனையை இடது தோளுக்கும் மார்புக்கும் அணைவாகச் சாய்த்துக்கொள்கிறோம். இரண்டு முனையும் ஊன்றியிருப்பதால் இடக்கைக்கு வாத்தியத்தைத் தாங்கும் வேலையே இல்லை, கம்பி நெடுக வழுக்கிப் போகலாம். கமகத்துக்கு, அதாவது ஸ்வரங்களை ஆட்டியும் வழுக்கியும் வாசிப்பதற்கு, வேண்டியதே அதுதான். வீணையில் விரல் வைக்கும் இடங்களைக் காட்டும் மெட்டுகள் வயலினில் கிடையாது, ஒலி குரலுக்கு நெருக்கமானது, பாட்டுக்குப் பக்கவாத்தியமாக வாசித்தால் வீணையைவிடத் தூரம் கேட்கும். இந்தக் காரணங்களால்தான் அது இருநூறு ஆண்டுகளில் கச்சேரியின் நிரந்தர அங்கமானது. பிற்பாடு ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டையும், கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனையும், யு. ஸ்ரீநிவாஸ் மாண்டலினையும் நம் பக்கம் வளைத்தார்கள். பியானோ வளையவில்லை. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே இருப்பதை அதனால் தொட முடியாது.

இப்போது உங்கள் மகளுக்கு நேரடியாகப் பயன்படும் விஷயம், சுருதி. மேற்கத்திய முறையில் தடித்த கம்பியிலிருந்து மெல்லியது வரை ஜி, டி, ஏ, ஈ. அடுத்தடுத்த கம்பிகளுக்கு இடையே ஒரு பஞ்சம தூரம். ஏ கம்பி 440 ஹெர்ட்ஸ். நம் முறையில் அதே வரிசை மந்தர ஸட்ஜம், மந்தர பஞ்சமம், மத்திய ஸட்ஜம், மத்திய பஞ்சமம். ஸட்ஜம் எங்கே என்பதைப் பாடுபவரோ ஆசிரியரோ தீர்மானிப்பார். சுருதியை ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிச் சொல்வோம்: 1 கட்டை சி, 3 கட்டை ஈ, 5 கட்டை ஜி. ஆசிரியர் 3 கட்டையில் சொல்லிக்கொடுத்தால் கம்பிகள் ஈ, பி, ஈ, பி ஆக வேண்டும்: தடித்த இரண்டும் 3 அரைச்சுரம் (பியானோவில் அடுத்தடுத்த கட்டைகளின் இடைவெளி ஓர் அரைச்சுரம்) இறங்கும், மெல்லிய இரண்டும் 5 அரைச்சுரம் இறங்கும். கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், 5 அரைச்சுரம் இறங்கிய கம்பியில் பழைய இழுவிசையில் 56 விழுக்காடுதான் மிஞ்சும். 1 கட்டைக்கு இறக்கினால் மெல்லிய இரண்டும் 9 அரைச்சுரம் இறங்கி, இழுவிசை 35 விழுக்காடாகிவிடும். வில்லை அழுத்தினால் கம்பி நெளிந்து சுருதி பிசகும், அழுத்தாவிட்டால் ஓசை எழும்பாது. ஆண் குரலுக்கு வாசிப்பவர்கள் தடித்த கம்பிகளைப் போட்டுக்கொள்வது இதற்காகத்தான். ஆனால் 5 கட்டை என்றால் கம்பிகள் ஜி, டி, ஜி, டி. தடித்த இரண்டையும் தொடவே வேண்டாம். மெல்லிய இரண்டும் 2 அரைச்சுரம் மட்டும் இறங்கினால் போதும், இழுவிசையும் 79 விழுக்காடு இருக்கும்.

ஆகவே ஒரே வயலினை வைத்துச் சமாளிக்க நினைத்தால், கர்நாடக ஆசிரியரிடம் 5 கட்டையில் தொடங்க முடியுமா என்று கேளுங்கள். சிறுமிகள் பாடுவதற்கும் அது பழகிய சுருதிதான். 3 கட்டைக்கும் பள்ளிச் சுருதிக்கும் இடையே வாரம் இரண்டு முறை ஏற்றி இறக்கினால் மூன்று விதமாகக் கெடும். முதலில் ஈ கம்பி, ஏற்றும்போது அறுந்துவிடும். அடுத்தது, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ்: கம்பியை முறுக்கும் பிருடையைத் திருகும்போதெல்லாம் அதன் மேல்விளிம்பு விரல்பலகைப் பக்கம் சிறிது சிறிதாகச் சாய்ந்து, ஒருநாள் படீரென்று விழும். விழும்போது கம்பிகள் எல்லாம் தளர்ந்தால், உள்ளே நிற்கும் சிறு மரக்குச்சியும் நகர்ந்துவிடக்கூடும். அதைக் கடைக்காரர்தான் சிறப்புக் கருவி வைத்து நிறுத்த முடியும். மூன்றாவது தொந்தரவு உடனே தெரியாது. அடிக்கடி மாற்றிய கம்பி நிலைகொள்ள நேரம் பிடிக்கும், பிள்ளை அரைமணி நேரமும் பிசகிய சுருதியையே காதில் வாங்கிக்கொண்டிருக்கும். 5 கட்டைக்கு மாற்றும்போதும் ஒவ்வொரு கம்பியாக மாற்றுங்கள். மாற்றியபின் பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள்: பிரிட்ஜின் பின்பக்கம், அதாவது கம்பிகளைக் கட்டியிருக்கும் பக்கம், வயலினின் மேற்பலகைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் இரண்டு கைவிரல்களாலும் மேல்விளிம்பைப் பிடித்து மெல்ல நிமிர்த்துங்கள். நான்கு கம்பிகளையும் ஒரே நேரத்தில் கழற்றவே கூடாது. பட்ஜெட் இடங்கொடுத்தால் இரண்டாவது வயலினை வாடகைக்கு எடுப்பது எல்லாவற்றையும்விடச் சுலபம். முழு அளவு வரும்வரை சொந்தமாக வாங்காதீர்கள். ஒன்பது வயதுக்கு அரை அளவோ முக்கால் அளவோதான் பொருந்தும், ஓரிரு ஆண்டில் அடுத்த அளவு தேவைப்படும்.

விரல்களிலும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. பள்ளியில் விரல்பலகையில் ஒட்டித்தரும் வண்ண நாடாக்கள் முழுச்சுர இடைவெளியில் தொடங்கும். நம் முதல் பயிற்சியான சரளிவரிசையோ மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குகிறது. முதல் விரல் ஸட்ஜத்துக்கு அரைச்சுரம் மேலே உள்ள சுத்த ரிஷபத்தில் விழ வேண்டும்; அங்கே நாடாவே கிடையாது. முழு அளவு வயலினில் அதிரும் கம்பி ஏறத்தாழ 32.5 சென்டிமீட்டர். அதில் ஸட்ஜத்திலிருந்து சுத்த ரிஷபம் 1.8 சென்டிமீட்டர், அந்தர காந்தாரம் 6.7 சென்டிமீட்டர். அதாவது ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 4.9 சென்டிமீட்டர் வெற்றிடம். அரை அளவு வயலினில் அது 4 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். சிறு கைக்கு அது பெரிய எட்டு. மேற்கத்திய வகுப்பில் கையை ஒரே சட்டகத்தில் அசையாமல் வைக்கப் பழகிய பிள்ளை, அங்கே விரலை நீட்ட முயன்று காந்தாரத்தைத் தாழ்வாகவே தொடும். கர்நாடக ஆசிரியர் கையையே நகர்த்தச் சொல்வார். பிள்ளைக்குக் குழப்பம் வருவது இங்கேதான். வழி என்னவென்றால், முதலில் அந்த ஏழு ஸ்வரத்தையும் தம்பூராவோடு வாயால் பாடவைப்பது. குரல் காந்தாரத்தில் சரியாக நின்றுவிட்டால் விரல் தானாகத் தேடிப் போகும். நாடாவை நம்பிய விரல் நாடாவைக் கழற்றியதும் அநாதையாகிவிடும்.

அடுத்தது ஆட்டம். மேற்கத்திய வைப்ராட்டோ ஒரு ஸ்வரத்தை மையமாகக் கொண்டு அரைச்சுரத்துக்கும் குறைவான அளவில், நொடிக்கு 5 முதல் 7 முறை வேகமாக அசைவது. பெரும்பாலான நீண்ட ஸ்வரங்களுக்கு அதைப் போடலாம், அது ஒலிக்குத் தரும் மெருகு. ஸ்வரத்தை ஆட்டும் நம் கமகமான கம்பிதம் அப்படியல்ல. தோடி ராகத்தின் காந்தாரம் பக்கத்து ஸ்வரங்கள் வரை போய்வரும், அகலமாக ஆடும், பாட்டின் காலப்பிரமாணத்தோடு ஒட்டி ஆடும். ஆட்டம் போனால் ராகமே போய்விடும். அதே சமயம் எல்லா ஸ்வரத்தையும் ஆட்டினாலும் ராகம் போய்விடும், பஞ்சமம் அசையாமல் நிற்க வேண்டியது. பள்ளியில் வைப்ராட்டோ கற்கும் கட்டத்தில் பிள்ளை அதைக் கீதத்திலும் வர்ணத்திலும் தூவத் தொடங்கும். கேட்க இனிமையாக இருப்பதால் வீட்டில் யாரும் திருத்த மாட்டார்கள், ஆசிரியர்தான் பிடிக்க வேண்டும். எதிர்த்திசையிலும் தவறு நடக்கும்: குழுவில் வாசிக்கும்போது ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போவாள், மற்ற இருபது பேரும் விரலை எடுத்து வைக்கும்போது அவள் ஒலி மட்டும் இழுபடும். அதற்கு மருந்து வில்லில் இருக்கிறது. பள்ளிப் பாடத்தை ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி வில்லாகப் போட்டுப் பழகச் சொல்லுங்கள். கர்நாடகப் பாடத்தில் ஒரு வில்லுக்கு நான்கு, எட்டு ஸ்வரம் என்று சேர்த்துப் போகட்டும். வில்லின் நடை மாறினால் விரலின் நடையும் மாறும்.

வழுக்கலுக்காகச் சிலர் விரல் நுனியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வதுண்டு. அந்த எண்ணெய் வில்லின் குதிரைமயிரில் பட்டால் ரோசின் பிடிக்காது, வில் கம்பிமேல் ஓசையின்றிச் சறுக்கும். மயிரை மாற்றுவதுதான் கடைசியில் வழி. ஒரே வயலின் என்றால் அன்றைய பயிற்சியில் பள்ளிப் பாடம் முதலில், கர்நாடகம் பிறகு. முடிந்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பெட்டியை மூட வேண்டும். தோள் தாங்கியைக் கர்நாடகப் பயிற்சியின்போது கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் வயலின் மார்பில் சரியாகச் சாயாது.

நம் ஊர்த் தட்பவெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். பள்ளிப் பயிற்சி அறையிலோ குளிர்சாதனம் ஓடும். வெளியே மரம் ஊதிப் பிருடை இறுகும், உள்ளே சுருங்கித் தானாகக் கழன்று சுற்றும். பிள்ளை பலங்கொண்டு திருகினால் பிருடை உடையும் அல்லது கம்பி அறும். பிருடைக்குப் பூசும் பசைக்குச்சி இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கிறது, பிராஸ் பாசா பக்கம் போனால் விசாரியுங்கள். நான்கு கம்பிக்கும் ஃபைன் ட்யூனர் வைத்த வால்பகுதி போட்டுவிட்டால் பாதித் தலைவலி தீரும். வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்த மறந்தால் வில்தடி நிரந்தரமாக வளைந்துவிடும். வீவக அடுக்குமாடி வீட்டில் இரவு வாசிக்க நேர்ந்தால் பிரிட்ஜ்மேல் மாட்டும் ரப்பர் அடக்கி போதும்.

சரி, மாமாவின் கேள்வி. நம் தீவில் இதே வயலின் மூன்று சமூகங்களுக்குள் மூன்று விதமாக நுழைந்திருப்பதைப் பார்த்தால் பதில் தெளிவாகும். மலாய் இசையில் அது பியோலா. 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர்கள் வழியாக வந்ததாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ரொங்கெங், ஜோகெட் ஆட்ட இசையில் ரெபானா என்னும் தோற்கருவியோடும், ஜொகூர் கஸலில் கம்பூஸ் என்னும் தந்திக்கருவியோடும் அது சேர்ந்துகொண்டது. கஸலில் ஹார்மோனியமும் தபலாவும் கூட உண்டு, அந்தப் பக்கம் நம் துணைக்கண்டத்தின் சாயல். சீனர்கள் வேறு வழி போனார்கள். சீன இசை என் துறை அல்ல, வெளியிலிருந்து கவனிப்பவனாகவே சொல்கிறேன். வில்லால் வாசிக்கும் தங்கள் இரண்டு கம்பிக் கருவியான எர்ஹுவை அவர்கள் கைவிடவில்லை. லியூ தியன்ஹுவா (1895–1932) போன்றவர்கள் வயலின் நுட்பங்களை எர்ஹுவுக்குக் கொண்டுவந்தார்கள். அதோடு மேற்கத்திய சிம்பொனிக் குழுவின் அமைப்பையே எடுத்துக்கொண்டார்கள்: நடத்துநர், பிரிவு பிரிவாக வாத்தியங்கள், ஒவ்வொருவர் முன்னும் எழுதப்பட்ட இசைத்தாள். தாழ்ந்த ஒலிக்குத் தங்களிடம் போதிய கருவி இல்லாததால் செல்லோவையும் டபுள் பாஸையும் சேர்த்தார்கள். சிங்கப்பூர் சீன இசைக்குழுவின் கச்சேரிக்குப் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். அவர்கள் கருவியை வைத்துக்கொண்டு அமைப்பை வாங்கினார்கள், நாம் அமைப்பை வைத்துக்கொண்டு கருவியை வாங்கினோம். எது அதிக மேற்கத்தியம்? கருவியைப் பார்த்தால் நாம், கேட்டுப் பார்த்தால் அவர்கள்.

ஆனால் நாம் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டோம் என்று மார்தட்டவும் முடியாது. மாமா சுட்டியிருக்க வேண்டிய இடங்கள் இங்கேதான் இருக்கின்றன. மேடை, எதிரே வரிசை நாற்காலிகள், நுழைவுச் சீட்டு, குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடியும் நிகழ்ச்சி, இவையெல்லாம் கோவிலும் அரண்மனையும் தந்தவை அல்ல. நகரமும் சபாவும் தந்தவை. சென்னை மியூசிக் அகாடமி 1928-இல் தொடங்கியது. வர்ணத்தில் ஆரம்பித்து, கீர்த்தனைகள், ராகம் தானம் பல்லவி, துக்கடா, மங்களம் என்று ஓடும் இன்றைய கச்சேரிப் பத்ததி அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் (1890–1967) நிலைநிறுத்தியது. இங்கே 1949-இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகத்தின் மேடையிலும் அதே அச்சுதான். மைக் வந்தது, உச்சக் குரலில் பாட வேண்டிய தேவை போனது. ஆண் பாடகர்களின் சுருதி இறங்கியது, மெல்லிய கமகங்கள் கடைசி வரிசை வரை கேட்டன. மைக் நம் பாட்டுக்குச் செய்தது வயலின் செய்ததைவிடப் பெரிது என்பது என் அபிப்பிராயம். இதை அளந்து நிரூபிக்க முடியாது.

ஹார்மோனியத்தின் கதை இன்னும் வேடிக்கை. அதன் அரைச்சுரங்கள் எல்லாம் சம இடைவெளி. அந்தர காந்தாரத்தை ஸட்ஜத்தோடு இயல்பாகச் சேரும் இடத்தில் பாடினால் 386 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), ஹார்மோனியத்தில் 400. அந்த 14 சென்ட் வித்தியாசம் பழகிய காதுக்கு உறுத்தும். கமகம் அதில் வரவே வராது. 1940-இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை விலக்கிவைத்தது, 1971 வாக்கில்தான் தடை ஓரளவு தளர்ந்தது. இத்தனைக்கும், ஹார்மோனியத்தை வேண்டாம் என்று சொல்லும் பாகவதர்கூடத் தன் சுருதியை 1 கட்டை, 5 கட்டை என்று அதே ஹார்மோனியத்தின் கட்டைகளை எண்ணித்தான் சொல்கிறார். இவ்வளவு ஆழமாக இறங்கிய ஒன்றை யாரும் மேற்கத்தியம் என்று சுட்டுவதில்லை. கண்ணுக்குத் தெரிவதால் வயலின் மாட்டிக்கொள்கிறது.

எழுத்து விஷயத்தில் மேற்கு நமக்கு நல்லதே செய்தது. ஏ.எம். சின்னசாமி முதலியார் 1890களில் நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஐந்து கோட்டுக் குறியீட்டில் அச்சிட்டார். தீட்சிதர் கீர்த்தனைகளுக்காக அவர் சுப்பராம தீட்சிதரை அணுகித் தூண்டியதன் தொடர்ச்சியாகத்தான், எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவில் 1904-இல் "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி" வெளிவந்தது. கமகங்களுக்குத் தனித்தனிக் குறி போட்ட அந்த நூல் இல்லாவிட்டால் எத்தனையோ உருப்படிகளின் பழைய பாடாந்தரம் நம்மிடம் இருந்திருக்காது.

எனக்குக் கவலை தருவது ஒன்றுதான், தேர்வு. லண்டன் வாரியங்களின் நிலைத் தேர்வு, 1-இல் தொடங்கி 8 வரை, இங்கே எல்லா வீட்டிலும் தெரியும். ஒரு நிலைக்கு மூன்று நான்கு உருப்படிகள், அவற்றையே மாதக்கணக்கில் மெருகேற்றுவது. மேற்கத்திய மாணவருக்கே அது முழு உணவல்ல. அந்தப் பழக்கத்தோடு கர்நாடக வகுப்பைப் பார்க்கும் பெற்றோர், "இந்த வருடம் எந்த கிரேடு?" என்று கேட்கத் தொடங்க, ஆசிரியரும் உருப்படிக் கணக்குக்கு இறங்கிவிடுகிறார். ராகத்தைத் தானாக விரித்து வாசிக்கும் மனோதர்மம் அந்த உருப்படிக் கணக்கில் வராது, அதனால் அது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். மேற்கின் தாக்கத்தைத் தடுக்க வேண்டுமென்றால் அங்கே தடுங்கள்.

உங்கள் மகளுக்கு நான் சொல்லும் ஏற்பாடு இதுதான். முதல் ஆறு மாதம் கர்நாடக வகுப்பில் பாட்டு மட்டும்: சரளிவரிசை, ஜண்டைவரிசை, ஆதி தாளம் கையில் போட்டு. வயலின் பள்ளியில் மட்டும் நடக்கட்டும், அந்தப் பிடி உறுதிப்படட்டும். அதன்பின் தரையில் உட்காரும் முறைக்கு வயலினைக் கொண்டுவாருங்கள். தொடக்கத்தில் சரளிவரிசையோடு நோட்டுஸ்வரங்களையும் கொடுக்கச் சொல்லுங்கள். "ச்யாமளே மீனாக்ஷி" மெட்டை அவள் ஏற்கனவே நின்றுகொண்டு வாசித்திருப்பாள். ஜப்பானின் ஷினிச்சி சுசுகி (1898–1998) உருவாக்கிய முறையில் பயில்பவர்கள் எல்லோருக்கும் அதுதான் முதல் பாடம். அந்த முறையே கேட்டுப் பழகிய பிறகுதான் தாளைப் பார்ப்பது என்பதால் நம் குருகுல வழிக்கு அந்நியமும் அல்ல. தெரிந்த மெட்டை வேறு பிடியில், ஸட்ஜத்தை வேறு இடத்தில் வைத்து வாசிக்கும்போது, இரண்டு முறைக்கும் என்ன வித்தியாசம் என்பதை யாரும் சொல்லாமலே கை புரிந்துகொள்ளும். கமகமில்லாத உருப்படி என்பதால் ஆரம்பத்தில் வழுக்கலைப் பற்றிய கவலையும் இல்லை. தினமும் பத்து நிமிடம் பாட்டு, இருபது நிமிடம் பள்ளிப் பாடம், இருபது நிமிடம் கர்நாடகம். இதற்கு மேல் அந்த வயதில் திணிக்க வேண்டாம். கழுத்திலோ இடது மணிக்கட்டிலோ வலி என்று சொன்னால் பயிற்சியை நிறுத்தி, வயலின் அளவையும் பிடியையும் ஆசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள். வலி ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அது மருத்துவரின் வேலை.

கர்நாடக ஆசிரியரிடம் சேர்க்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். எந்தக் கட்டையில் தொடங்குவார்? பள்ளியில் வயலின் வாசிக்கும் பிள்ளைகளுக்கு முன்பு சொல்லிக்கொடுத்திருக்கிறாரா? வாயால் பாடவைப்பாரா? மூன்றாவதுக்கு "அதெல்லாம் தேவையில்லை" என்று பதில் வந்தால் வேறு ஆசிரியரைத் தேடுங்கள். பள்ளிப் பயிற்சியாளரிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது, இடக்கை ஏன் திடீரென்று வழுக்குகிறது என்று அவர் திகைக்காமல் இருக்க. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு ஆண்டு வரும்போது நேரம் சுருங்கும், எதையாவது குறைத்தே ஆக வேண்டும். அப்போது வீட்டில் கர்நாடக வயலின் பயிற்சியைத் தினமும் என்பதிலிருந்து வாரம் இரண்டு நாளாக்குங்கள், தேவைப்பட்டால் சில மாதம் நிறுத்திவையுங்கள். காலையில் பத்து நிமிடம் பாட்டை மட்டும் நிறுத்தாதீர்கள். அதற்குப் பாட்டியே போதும்.